அமெரிக்க விடுதலைப் போர் (1775–1783): வாஷிங்டனுக்குப் பின்னால் நின்றவர்கள் என்னென்ன வேலை பார்த்தார்கள்?

#1 வைகறை

இந்தப் போர் என்றதும் நம் பாடப் புத்தகங்களில் வருவது பாஸ்டன் தேநீர் விருந்து, 1776 ஜூலை 4, வாஷிங்டன், அவ்வளவுதான். ஆனால் எட்டு வருடம், உலகத்திலேயே பெரிய கடற்படை வைத்திருந்த அரசை எதிர்த்து, சம்பளமும் செருப்பும் இல்லாத ஒரு படை கலையாமல் நின்றிருக்கிறது. அதை நிற்க வைத்தவர்கள் யார்? பெயர்ப் பட்டியல் வேண்டாம். ஒவ்வொருவரும் செய்த வேலை என்ன, எப்படிச் செய்தார்கள், எங்கே சொதப்பியது, ஏன் என்று விவரமாக எழுதுங்கள்.

#2 பாரவண்டி

ஹென்றி நாக்ஸிலிருந்து தொடங்குகிறேன். பாஸ்டனில் புத்தகக் கடை வைத்திருந்தவர், வயது 25. பீரங்கி பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி கடையில் இருந்த ராணுவப் புத்தகங்களைப் படித்துத் தெரிந்துகொண்டது.

1775 முடிவில் பாஸ்டன் நகருக்குள் பிரிட்டிஷ் படை, வெளியே வாஷிங்டனின் படை. முற்றுகை போட்டாயிற்று, ஆனால் நகரத்தைத் தொடும்படி சுடப் பெரிய பீரங்கி இல்லை. பீரங்கிகள் இருந்தது வடக்கே டைகொண்டரோகா கோட்டையில், ஏறத்தாழ 300 மைல் தள்ளி. நாக்ஸ் டிசம்பர் 5 அன்று அங்கே போய்ச் சேர்ந்து, தேறக்கூடியவற்றைப் பொறுக்கி எடுத்தார்: பீரங்கி, மோர்ட்டார், ஹவிட்சர் எல்லாம் சேர்த்து 59. மொத்த எடை கிட்டத்தட்ட 60 டன். 24 பவுண்டு குண்டு போடும் பீரங்கி ஒன்று மட்டுமே 2 டன்னுக்கு மேல்.

முதல் கட்டம் ஜார்ஜ் ஏரி, படகில். ஏரி உறைவதற்குள் கடந்தாக வேண்டும். ஒரு படகு கரையோரம் முங்கியே விட்டது. ஆழம் குறைவான இடம் என்பதால் மீட்டார்கள். இரண்டாவது கட்டத்துக்குச் சறுக்கு வண்டி. 42 உறுதியான சறுக்கு வண்டிகளும் 80 ஜோடி எருதும் ஏற்பாடு செய்திருப்பதாக வாஷிங்டனுக்கு எழுதுகிறார். இங்கேதான் சிக்கல். படகுக்குப் பனி உறையக்கூடாது, சறுக்கு வண்டிக்குப் பனி உறைந்தே ஆக வேண்டும். ஹட்சன் ஆற்றில் பனித்தளம் மெல்லியதாக இருந்ததால் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

அதற்கு அவர்கள் செய்த வேலையைக் கவனியுங்கள். பனித்தளத்தில் அங்கங்கே துளை போட்டார்கள். கீழே ஓடும் தண்ணீர் துளை வழியாக மேலே வந்து பரவி, இரவுக் குளிரில் அப்படியே உறைந்து தளத்துக்குக் கனம் கூட்டியது. அப்படியும் ஆல்பனி பக்கம் ஒரு பெரிய பீரங்கி பனியை உடைத்துக்கொண்டு ஆற்றுக்குள் போனது. ஊர்க்காரர்கள் கைகொடுக்க அதையும் வெளியே இழுத்துவிட்டார்கள்.

அடுத்தது பெர்க்‌ஷயர் மலை. ஏற்றத்தை விட இறக்கம்தான் ஆபத்து, ஏனென்றால் சறுக்கு வண்டிக்குத் தடை கிடையாது. வண்டியைக் கயிற்றால் மரத்தோடு சுற்றிக் கட்டி, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி இறக்கினார்கள். சறுக்குக் கட்டைக்கு அடியில் சங்கிலியும் கழியும் கொடுத்து உராய்வைக் கூட்டினார்கள். 1776 ஜனவரி கடைசியில் சரக்கு கேம்பிரிட்ஜ் முகாமுக்கு வந்து சேர்ந்தது.

#3 மலையமான்

பாரவண்டி ஐயா, ஒரு திருத்தம். 80 ஜோடி எருது என்று நாக்ஸ் கடிதத்தில் எழுதியது உண்மைதான். ஆனால் அந்த எருதுகளுக்குப் பேசிய ஆள் கேட்ட கூலி கட்டுப்படியாகாமல், ஜெனரல் ஸ்கைலர் அந்தப் பேச்சை முறித்துவிட்டார். பதிலுக்கு அவர் ஆள் அனுப்பித் திரட்டியது குதிரைகளும் அவற்றின் சறுக்கு வண்டிகளும். அது நாக்ஸின் நாட்குறிப்பிலேயே இருக்கிறது. எருதுகள் பெரும்பாலும் மாசசூசெட்ஸ் எல்லைக்குள் வந்த பிறகு சேர்ந்தவை. பின்னாளில் வரைந்த ஓவியங்களில் முழுக்க எருதாகவே இருப்பதால் அந்தக் கடிதத்தின் கணக்கு நிலைத்துவிட்டது. கடிதம் திட்டத்தைச் சொல்கிறது, நாட்குறிப்பு நடந்ததைச் சொல்கிறது.

#4 பாரவண்டி

சரிதான் மலையமான், ஏற்றுக்கொள்கிறேன். முடிவையும் எழுதிவிடுகிறேன்.

பீரங்கி வந்துவிட்டது, வைக்க இடம் டார்செஸ்டர் மேடு. ஆனால் மார்ச் மாதத்திலும் மண் ஓரடிக்கு மேல் உறைந்து கிடந்தது, மண்வெட்டி இறங்காது. தோண்டாமல் அரண் கட்டுவது எப்படி? ரூஃபஸ் புட்னம் ஒரு ராணுவப் பொறியியல் புத்தகத்திலிருந்து வழி எடுத்தார். கனமான மரச்சட்டங்களைக் கீழேயே செய்துகொண்டு போய் மேட்டில் நிறுத்தி, இடையில் குச்சிக் கட்டுகளையும் வைக்கோல் கட்டுகளையும் திணிப்பது. மார்ச் 4 இரவு ஏறத்தாழ 300 மாட்டு வண்டிகள் போய்ப் போய்த் திரும்பின. சத்தம் கேட்காமலிருக்கச் சக்கரத்தில் வைக்கோல் சுற்றினார்கள், பாதையோரம் வைக்கோல் கட்டுகளை மறைப்பாக அடுக்கினார்கள். அரணுக்கு முன்னால் மண் நிரப்பிய பீப்பாய்கள். பார்க்கச் சுவர் மாதிரி இருக்கும், எதிரி மேடேறி வந்தால் உருட்டிவிடலாம். விடிந்தபோது மேட்டில் கோட்டை நிற்கிறது. மார்ச் 17-ல் ஜெனரல் ஹோவின் படை பாஸ்டனைக் காலி செய்தது.

#5 உப்பளம்

பீரங்கிக் கதையில் எல்லோரும் தாண்டிப் போவது வெடிமருந்து. 1775 ஆகஸ்டில் கையிருப்பை எண்ணிப் பார்த்தபோது வீரன் ஒருவனுக்கு 9 வெடிக்கு மேல் தேறாது என்று வாஷிங்டனுக்குத் தெரிய வந்தது. இந்த விஷயம் வெளியே கசியாமல் காப்பாற்றியதே ஒரு வெற்றி.

வெடிமருந்து என்பது எடையில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். கரி எங்கும் கிடைக்கும். தொல்லை வெடியுப்பில்தான். பிரிட்டனுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் பிளாசிக்குப் பிறகு, 1758-லிருந்து பீகார் வெடியுப்பு மொத்தமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குள். பாட்னா சுற்றுவட்டாரத்தில் நோனியா சாதி மக்கள் மண்ணைச் சுரண்டிக் காய்ச்சிய உப்புதான் பாஸ்டனில் பிரிட்டிஷ் துப்பாக்கிகளுக்குள் போனது.

அமெரிக்கர்கள் வீட்டுக்கு வீடு காய்ச்சச் சொல்லிக் கையேடு அடித்து விநியோகித்தார்கள். முறை இதுதான்:

பழைய குதிரை லாயம், மாட்டுத்தொழுவம், நிலவறை இவற்றின் தரையிலிருந்து மழை படாத மேல்மண்ணை வாரிக்கொள்வது. அடியில் துளையுள்ள பீப்பாயில் வைக்கோல் பரப்பி, மேலே மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, கீழே சொட்டும் நீரைப் பிடிப்பது. அதே நீரை அடுத்த பீப்பாய் மண்ணிலும் ஊற்றினால் செறிவு கூடும். இந்த நீரில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு சேர்ந்த நைட்ரேட். அதனால் மரச்சாம்பல் காரநீரைக் கலக்க வேண்டும். சுண்ணாம்பு வெள்ளையாக அடியில் படிந்துவிடும், மேலே தெளிவாக நிற்பதில் பொட்டாசியம் நைட்ரேட் இருக்கும். அதைக் காய்ச்சி, நுரை எடுத்து, ஆறவிட்டால் ஊசி ஊசியாகப் படிகம் இறங்கும்.

கெட்டுப்போவது இரண்டு இடத்தில். சாம்பல்நீர் போதாமல் போனால் சுண்ணாம்பு நைட்ரேட் மிஞ்சி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் களியாகிவிடும். காய்ச்சும்போது அடியில் முதலில் படியும் சாப்பாட்டு உப்பை அள்ளி எறியாவிட்டால் அதுவும் படிகத்தோடு சேர்ந்துவிடும். இரண்டிலும் முடிவு ஒன்று: மருந்து நமத்துப் போகும், சுட்டால் புஸ்ஸென்று அணையும்.

வீட்டு உற்பத்தி கணக்குக்கு வந்ததே தவிரப் போருக்குக் காணவில்லை. முதல் இரண்டரை வருடத்தில் செலவான வெடிமருந்தில் பத்தில் ஒன்பது பங்கு கடல் கடந்து வந்தது, மருந்தாகவோ வெடியுப்பாகவோ.

#6 வைகறை

உப்பளம் அக்கா, கடல் கடந்து என்றால் யார் வழியாக? பிரான்ஸ் வெளிப்படையாகப் போரில் இறங்கியது 1778-ல்தானே?

#7 உப்பளம்

1778 வரை எல்லாமே மறைமுகம். போமார்ஷே என்ற பிரெஞ்சு நாடக ஆசிரியர் ரோட்ரிக் ஓர்தலேஸ் என்ற பெயரில் ஒரு வணிக நிறுவனம் தொடங்கினார். வெளியே பார்க்கத் தனியார் வியாபாரம். உள்ளே 1776-ல் பிரெஞ்சு அரசு கொடுத்த 10 லட்சம் லீவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்), ஸ்பெயின் கொடுத்த 10 லட்சம் லீவர். வெளியுறவு அமைச்சர் வெர்ஜேனின் ஏற்பாடு. பிரெஞ்சு ராணுவக் கிடங்குகளில் இருந்த பழைய மாதிரித் துப்பாக்கி, பீரங்கி, மருந்து எல்லாம் இந்த நிறுவனத்தின் கப்பலில் ஏறின. 1777 வசந்தத்தில் மெர்க்யூர், ஆம்ஃபிட்ரீட் என்ற இரண்டு கப்பல்கள் அமெரிக்காவில் நியூ ஹாம்ஷயரின் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு வந்தன. அந்தச் சரக்கு சேர்ந்தது வடக்குப் படைக்கு. அதே ஆண்டு அக்டோபர் 17-ல் சாரடோகாவில் பிரிட்டிஷ் ஜெனரல் பர்கோயின் தன் படையோடு சரணடைந்தார். அந்த வெற்றியைப் பார்த்துத்தான் பிரான்ஸ் ஒப்பந்தம் போட்டது.

இன்னொரு வாசல் டச்சுக்காரர்களின் செயின்ட் யூஸ்டேஷியஸ் தீவு. கரீபியனில் ஒரு சின்னப் புள்ளி. அங்கே யாரும் யாருக்கும் விற்கலாம்.

#8 மருந்துப்பெட்டி

வெடிமருந்து இருந்தும் படை அழிந்த இடம் ஒன்று இருக்கிறது, அது கனடா. 1775–76 குளிர்காலத்தில் கியூபெக்கை முற்றுகையிட்டவர்களைப் பெரியம்மை தின்றுவிட்டது. அந்தப் படைக்குத் தலைமையேற்கப் போன ஜெனரல் ஜான் தாமஸே 1776 ஜூன் 2-ல் அம்மையில் இறந்தார். பிரிட்டிஷ் வீரர்களில் பலருக்கு ஊரிலேயே சின்ன வயதில் அம்மை வந்து போயிருந்ததால் எதிர்ப்பு இருந்தது. தனித்தனிக் கிராமங்களில் வளர்ந்த அமெரிக்க இளைஞர்களுக்கு அது இல்லை.

வாஷிங்டன் 19 வயதில் பார்படோஸில் அம்மை வந்து பிழைத்தவர். அவர் 1777 பிப்ரவரி 6 அன்று மருத்துவர் வில்லியம் ஷிப்பனுக்கு எழுதி, படை முழுவதற்கும் அம்மைப்பால் ஏற்றச் சொன்னார். இது ஜென்னரின் தடுப்பூசி அல்ல, அது வருவதற்கு இன்னும் இருபது வருடம் இருந்தது. இது அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து சீழை எடுத்து, நல்ல ஆளின் கையில் சிறிதாகக் கீறி அதில் தடவுவது. சில நாளில் காய்ச்சல், பிறகு குறைவான கொப்புளங்கள், ஆறினால் ஆயுளுக்கும் அம்மை வராது. தானாக அம்மை வந்தால் ஆறேழு பேரில் ஒருவராவது சாவார். இப்படி ஏற்றினால் நூற்றுக்கு ஒன்றிரண்டு.

ஆபத்து எங்கே என்றால், ஏற்றிக்கொண்டவர் அந்த மூன்று நான்கு வாரமும் உண்மையான அம்மையைப் பரப்பக்கூடியவர். அதனால் புதிதாகச் சேர்ந்தவர்களை முகாமுக்குள் விடாமல் வழியிலேயே தனி இடங்களில் தங்கவைத்து, தொகுதி தொகுதியாக ஏற்றினார்கள். ஏற்கெனவே அம்மை வந்து போனவர்களைத்தான் காவலுக்கும் பணிவிடைக்கும் வைத்தார்கள். ஒரு தொகுதி காய்ச்சலில் கிடக்கும் நேரத்தில் எதிரி தாக்கினால் கதை முடிந்தது என்பதால் வேலை முழுவதும் ரகசியமாக நடந்தது.

இந்த முறையை பாஸ்டனுக்குச் சொன்னது யார் என்பதையும் எழுதியாக வேண்டும். ஒனேசிமஸ். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். தன் ஊரில் தனக்கு இப்படிக் கீறி ஏற்றினார்கள் என்று கையிலிருந்த தழும்பைக் காட்டித் தன் எஜமானரான பாதிரியாருக்கு விளக்கினார். 1721 கொள்ளைநோயில் பாஸ்டன் மருத்துவர் ஒருவர் அதைச் செய்து பார்த்தார். 1777-ல் வாஷிங்டன் போட்ட உத்தரவின் வேர் அங்கே இருக்கிறது.

#9 மலையமான்

வாஷிங்டன் படையின் குளிர்கால முகாமான வேலி ஃபோர்ஜுக்கு வருவோம். 1777 டிசம்பர் 19-ல் ஏறத்தாழ 12,000 பேர் அங்கே நுழைந்தார்கள். குடிசைக்கு வாஷிங்டனே அளவு கொடுத்தார்: 14 அடிக்கு 16 அடி, பக்கச் சுவர் ஆறரை அடி உயரம், மரக்கட்டையில் கட்டி இடுக்கில் களிமண் பூச வேண்டும், பின்பக்க அடுப்பு மரத்தால், அதன் உள்ளே 18 அங்குலக் கனத்துக்குக் களிமண். ஒரு குடிசைக்கு 12 பேர். அந்த முகாமில் இறந்தவர்கள் 2,000 வரை. குண்டு பட்டு அல்ல, டைபாய்டு, சீதபேதி போன்ற நோய்களால்.

1778 பிப்ரவரி 23-ல் ஸ்டோய்பன் வந்தார். பிரஷ்யாவின் ஜெனரல் என்று அறிமுகக் கடிதம் சொன்னது. உண்மையில் அவர் கேப்டனாக இருந்து வெளியேறியவர். ஆனால் மாவீரன் பிரெடரிக்கின் தலைமையகத்தில் வேலை கற்றவர், அந்தக் கல்விதான் தேவைப்பட்டது. ஆங்கிலம் தெரியாது. இரவில் பிரெஞ்சில் பாடம் எழுதுவார், அவருடைய செயலாளர் டூபான்சோ ஆங்கிலமாக்குவார், வாஷிங்டனின் உதவியாளர்கள் திருத்துவார்கள், பிறகு ஒவ்வொரு பிரிகேடும் கையால் நகலெடுத்துக்கொள்ளும்.

முதலில் நூறு சொச்சம் பேரை மட்டும் எடுத்து மார்ச் 19-லிருந்து தானே பயிற்சி கொடுத்தார். அதுவரை பயிற்சி என்பது சார்ஜெண்டின் வேலை, அதிகாரி பக்கத்தில் வரமாட்டார். இவர் தானே துப்பாக்கியை வாங்கிச் செய்து காட்டினார். தேறியவர்களைப் பிரித்து மற்ற படைப்பிரிவுகளுக்கு வாத்தியாராக அனுப்பினார். நடையில் கூட ஒவ்வொரு மாநிலப் படைக்கும் ஒரு வழக்கம் இருந்தது, அதை ஒன்றாக்கினார். சாதாரண நடைக்கு ஒரு எட்டு 2 அடி, நிமிடத்துக்கு 75 எட்டு. விரைவு நடைக்கு அதே 2 அடி, நிமிடத்துக்கு 120. இதனால் என்ன பயன் என்றால், ஒற்றை வரிசையில் நீண்டு வந்த படை சண்டைக்களத்துக்கு வந்து சேரும் நேரத்தைக் கணக்குப் போட முடிந்தது.

பயனெட்டையும், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியையும், சொல்ல வேண்டும். அதுவரை பலருக்கு அது இறைச்சி சுடும் கம்பி. 1779 ஜூலை 16 நள்ளிரவில் ஸ்டோனி பாயிண்ட் கோட்டையை அமெரிக்க ஜெனரல் வெய்னின் படை பெரும்பாலும் குண்டு போடாத துப்பாக்கியோடு, வெறும் பயனெட்டால் பிடித்தது. ஒருவன் பதறிச் சுட்டாலும் ரகசியம் போய்விடும் என்பதால் அந்தக் கட்டளை.

#10 மருந்துப்பெட்டி

மலையமான் சொன்ன சாவுக்கணக்கோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஸ்டோய்பன் கொடுத்ததில் உயிர்களைக் காப்பாற்றியது நடை அல்ல, முகாம் அமைப்பு. சமையல் ஒரு பக்கம், மலக்குழி எதிர்ப் பக்கம், அதுவும் சரிவில் கீழே. இறந்த குதிரைகளை அப்புறப்படுத்திப் புதைப்பது. 1779-ல் அச்சான அவருடைய நீல அட்டைக் கையேட்டில் இந்த ஒழுங்கும் பாடமாகவே இருக்கிறது.

#11 பாரவண்டி

சோற்றுக் கணக்கைப் பார்க்காமல் வேலி ஃபோர்ஜ் புரியாது. காங்கிரஸ் (கலகம் செய்த குடியேற்றங்களின் பொது மன்றம்) 1775-ல் நிர்ணயித்த படி, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு மாட்டிறைச்சி, ஒரு பவுண்டு ரொட்டி அல்லது மாவு. 12,000 பேர் என்றால் மாவு மட்டும் தினம் ஐந்தரை டன். இறைச்சி நடந்து வரும், மாவு வண்டியில்தான் வர வேண்டும். வண்டிக்குக் குதிரை, குதிரைக்குத் தீவனம், தீவனத்துக்கு இன்னொரு வண்டி. 1777 இலையுதிர்காலத்தில் தளவாடப் பொறுப்பாளராக இருந்தவர் விலகிவிட்டார், நான்கைந்து மாதம் அந்த நாற்காலி கிட்டத்தட்டக் காலி. நாட்டில் தானியம் இருந்தது. முகாமுக்கு வரும் வழியில்தான் பஞ்சம்.

1778 மார்ச்சில் நத்தானியல் கிரீன் அந்தப் பொறுப்பை ஏற்றார், மனமில்லாமல்தான். களத்தில் நிற்க ஆசைப்பட்ட ஜெனரல் அவர். குவார்ட்டர்மாஸ்டரை (தளவாடப் பொறுப்பாளரை) வரலாற்றில் யார் கேள்விப்பட்டார்கள் என்று வாஷிங்டனுக்கே எழுதினார். ஆனால் பாதை பழுது, பாலம், வழிநெடுகத் தீவனக் கிடங்கு, வண்டி ஒப்பந்தம் என்று அடுக்கடுக்காகச் செய்து, ஜூனில் படை மான்மத் சண்டைக்குக் கிளம்பியபோது வண்டி தயாராக நின்றது.

இந்த வேலைக்கு அவரும் இரண்டு உதவியாளர்களும் செலவில் கமிஷன் எடுத்துக்கொண்டார்கள். செலவு கூடக் கூடக் கமிஷனும் கூடும் ஏற்பாடு அது, காங்கிரஸில் ஏச்சு விழுந்ததில் நியாயம் இருக்கிறது.

#12 மலையமான்

பொறுப்பாளராக இருந்த அந்த இரண்டு வருடம்தான் கிரீனை ஜெனரலாக்கியது என்பது என் கட்சி. ஆதாரம் 1781.

1780 டிசம்பரில் தெற்குப் படை அவர் கைக்கு வந்தபோது முதல் வேலையாக ஆட்களை அனுப்பி ஆறுகளை அளக்கச் சொன்னார். கேட்டாபாவைக் கோஷ்யூஸ்கோ, டான் ஆற்றைக் கேரிங்டன், யாட்கினை ஸ்டீவன்ஸ். ஆழம், நீரோட்டம், துறை எங்கே, படகு எத்தனை கிடைக்கும் என்று. சக்கரத்தில் வைத்து இழுத்துப் போகக்கூடிய லேசான தட்டையடிப் படகுகளுக்கும் ஏற்பாடு செய்தார். பிறகு படையை இரண்டாகப் பிரித்தார். சிறிய படை பிரியக்கூடாது என்பது பாலபாடம். ஆனால் ஒரே இடத்தில் நின்றால் சோறு கிடையாது என்பது அதைவிடப் பெரிய பாடம்.

ஒரு பாதியோடு பிரிந்து போன ஜெனரல் மார்கன் 1781 ஜனவரி 17-ல் கவ்பென்ஸில் பிரிட்டிஷ் அதிகாரி டார்லடனை முறித்தார். ஊர்ப்படையினர் நின்று சண்டை போடமாட்டார்கள், ஓடிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மார்கன் அவர்களிடம் நில்லுங்கள் என்று கேட்கவில்லை. இரண்டு முறை சுடுங்கள், பிறகு பின்னால் போய்விடுங்கள் என்றார். அவர்கள் விலகியதை ஓட்டம் என்று நினைத்து வரிசை கலைந்து பாய்ந்த பிரிட்டிஷ் படை, மேட்டுக்குப் பின்னால் நின்ற பயிற்சி பெற்ற படையின் முகத்திலேயே போய் விழுந்தது. ஏறத்தாழ 1,100 பேரோடு வந்த டார்லடன் 100 பேருக்கு மேல் சாகக் கொடுத்து, 500-க்கு மேல் கைதாக விட்டுவிட்டுத் தப்பினார்.

துரத்திப் பிடிக்க, தெற்கில் பிரிட்டிஷ் படையை நடத்திய காரன்வாலிஸ் ராம்சர் மில் என்ற இடத்தில் ஜனவரி 25-ல் தன் வண்டிகளையே கொளுத்தினார். கூடாரம், மூட்டை முடிச்சு, ரம் பீப்பாய் எல்லாம் போயிற்று. லேசானால் வேகம் கூடும் என்பது கணக்கு. கிரீன் ஒவ்வொரு ஆறாகக் கடந்து, படகுகளைத் தன் கரையில் நிறுத்திக்கொண்டே போய், பிப்ரவரி 14-ல் டான் ஆற்றைத் தாண்டிவிட்டார். காரன்வாலிஸிடம் படகும் இல்லை, சோறும் இல்லை.

மார்ச் 15 கில்ஃபோர்டு சண்டையில் களம் காரன்வாலிஸுக்குத்தான். ஆனால் சுமார் 1,900 பேரில் 500-க்கு மேல் செத்தும் காயம்பட்டும் போனார்கள். கிரீன் அந்த வருடம் கில்ஃபோர்டு, ஹாப்கர்க் ஹில், நைன்ட்டி சிக்ஸ், யூட்டா ஸ்பிரிங்ஸ் எதிலும் களத்தைப் பிடிக்கவில்லை. ஆண்டு முடிவில் தெற்கில் பிரிட்டிஷார் கையில் மிஞ்சியது சார்ல்ஸ்டன், சவானா, வில்மிங்டன் போன்ற கடலோர ஊர்கள்தான், வில்மிங்டனும் நவம்பரில் காலி.

#13 உப்பளம்

கிரீன் காரன்வாலிஸைக் களைக்க வைத்தார், சரி. மூடிப் பிடித்தது வெள்ளி நாணயமும் கப்பலும். நான் பிரெஞ்சுக் கட்சி.

காங்கிரஸ் அச்சடித்த காகித டாலர் 20 கோடிக்கு மேல். 1780 மார்ச்சில் 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று காங்கிரஸே ஒப்புக்கொண்டது, அடுத்த வருடம் அதுவும் செல்லவில்லை. 1781 ஆகஸ்டில் வாஷிங்டன் நியூயார்க் பக்கத்திலிருந்து தெற்கே நடக்க முடிவெடுத்தார். பிரிட்டிஷ் தளபதி கிளிண்டனை ஏமாற்ற, நியூஜெர்சியில் சேட்டம் என்ற ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் ரொட்டி அடுப்புகளைக் கட்டினார்கள். அடுப்பு கட்டும் படை அங்கேயே தங்கப்போகிறது என்றுதான் ஒற்றன் சொல்வான். ஆனால் வடக்கு வீரர்கள் தெற்கே வரச் சம்பளம் கேட்டார்கள். நிதிப் பொறுப்பிலிருந்த ராபர்ட் மாரிஸ் கையில் பணம் இல்லை. பிரெஞ்சுப் படைத் தளபதி ரோஷாம்போ தன் படைப் பெட்டியிலிருந்து 20,000 வெள்ளி டாலர் கடன் கொடுத்தார். அங்கே கிடைத்த ஒரு மாதச் சம்பளம்தான், 1776-க்குப் பிறகு பலருக்குக் கையில் விழுந்த முதல் நல்ல பணம்.

கப்பல் பக்கம் ஃபிரான்சிஸ்கோ சாவெத்ரா என்ற ஸ்பானிய அதிகாரி. இவரை யாரும் சொல்வதில்லை. கரீபியனில் பிரெஞ்சுத் தீவுகளின் காவலை ஸ்பெயின் பார்த்துக்கொள்ளும், நீ முழுக் கப்பற்படையையும் எடுத்துக்கொண்டு போ என்று பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தெ கிராஸிடம் பேசி முடித்தவர் இவர். பணம் இல்லை என்றதும் ஹவானாவுக்குப் போய் ஆறு மணி நேரத்தில் 5 லட்சம் பெசோ திரட்டிக் கப்பலேற்றினார்.

செப்டம்பர் 5 செசபீக் முகத்துவாரச் சண்டை. பிரெஞ்சு 24 கப்பல், பிரிட்டிஷ் 19. அவசரத்தில் நங்கூரக் கயிற்றை வெட்டிக்கொண்டு கிளம்பியதில் தெ கிராஸின் மாலுமிகளில் பெரும் தொகை கரையிலேயே தங்கிவிட்டது. அப்படியும் பிரிட்டிஷ் பக்கம் பிழை கொடிக்கம்பத்தில் நடந்தது. தளபதி கிரேவ்ஸின் கப்பலில் ‘வரிசை கலையாதே’ என்ற கொடியும் ‘நெருங்கிப் போய்ச் சண்டையிடு’ என்ற கொடியும் ஒரே நேரத்தில் பறந்தன. பின்பகுதியை நடத்திய ஹூட் வரிசைக் கொடியைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கப்பல்கள் அநேகமாகச் சுடவே இல்லை. ஒரு கப்பல் கூட அன்று மூழ்கவில்லை, ஆனால் கடல் வாசல் மூடிவிட்டது. யார்க்டவுனில் காரன்வாலிஸ் அக்டோபர் 19-ல் சரணடைந்தார், 7,000 பேருக்கு மேல்.

#14 செம்மண்

இதுவரை எழுதியதில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. விடுதலைப் போர் என்கிறோம். ஐந்தில் ஒரு பங்கு மக்கள் அடிமைகளாக இருந்த நாடு அது. 1775 நவம்பர் 7-ல் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் கவர்னர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் எங்கள் பக்கம் வந்து ஆயுதம் எடுத்தால் விடுதலை என்று அறிவித்தார். ஆயிரக்கணக்கில் போனார்கள். அவர்களைப் பெரியம்மை வாரிக்கொண்டது. மருந்துப்பெட்டி சொன்ன அம்மைப்பால் அவர்களுக்கு முன்கூட்டி ஏற்றப்படவில்லை. யார்க்டவுனில் சோறு குறைந்ததும், நோய்ப்பட்ட கறுப்பின மக்களைக் காரன்வாலிஸின் படை கோட்டைக்கு வெளியே தள்ளிவிட்டது. இரண்டு படைகளுக்கும் நடுவில், காட்டில் கிடந்து இறந்தார்கள்.

இன்னொரு பக்கம் ஜேம்ஸ் ஆர்மிஸ்டெட். அடிமை. அமெரிக்கப் படையில் ஜெனரலாக இருந்த பிரெஞ்சுக்காரர் லஃபாயெட்டுக்காகக் காரன்வாலிஸின் முகாமுக்குள் வேலையாளாக நுழைந்து செய்தி கொண்டுவந்தார். போர் முடிந்தும் விடுதலை வரவில்லை, ஏனென்றால் வர்ஜீனியாவின் சட்டம் படைவீரனாகச் சேர்ந்த அடிமைக்குத்தான் பொருந்தும், ஒற்றனுக்குப் பொருந்தாது. லஃபாயெட் எழுதிக் கொடுத்த சான்றோடு மனுப் போட்டு 1787-ல்தான் விடுதலை பெற்றார்.

பூர்வகுடிகளான இரோகுவாய் மக்களையும் சேருங்கள். ஒனைடா மக்கள் அமெரிக்கர் பக்கம் நின்றார்கள். ஜோசப் பிராண்ட் தலைமையில் மோஹாக் மக்கள் பிரிட்டிஷ் பக்கம். 1779-ல் அமெரிக்க ஜெனரல் சல்லிவனின் படை ஏறத்தாழ 40 இரோகுவாய் ஊர்களைக் கொளுத்தி, விளைந்து நின்ற சோளத்தையும் பழமரங்களையும் வெட்டிப் போட்டது. அதுவும் இந்தப் போரின் தளவாட வேலைதான், எதிரியின் சோற்றில் கைவைக்கும் வேலை.

#15 வைகறை

செம்மண் எழுதியதை இழையின் தொடக்கத்திலேயே நான் கேட்டிருக்க வேண்டும். நன்றி.

நம் பக்கத்து இணைப்பு ஏதாவது உண்டா? ஹைதர் அலி பெயரில் அமெரிக்கக் கப்பல் இருந்தது என்பது உண்மையா?

#16 கெடிலக்கரை

உண்மை. பென்சில்வேனியா மாநிலம் தன் வணிகக் கப்பல்களைக் காக்க 16 பீரங்கியோடு இறக்கிய கப்பலுக்கு ‘ஹைதர் அலி’ என்று பெயர். பிரிட்டனை எதிர்த்து நிற்பவர் என்ற மரியாதை அது. 1782 ஏப்ரல் 8-ல் டெலவேர் விரிகுடாவில் தன்னைவிடப் பெரிய ‘ஜெனரல் மங்க்’ என்ற பிரிட்டிஷ் கப்பலோடு மோதியது. தலைவன் ஜோஷுவா பார்னி, 22 வயது. சுக்கான் பிடிப்பவனிடம் முன்கூட்டியே, நான் எந்தப் பக்கம் திருப்பச் சொல்லிக் கத்துகிறேனோ அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பு என்று சொல்லி வைத்தார். நெருங்கி வந்ததும் எதிரி காதில் விழும்படி கத்தினார். அதை நம்பி எதிரி தன் கப்பலைத் திருப்ப, அதன் முன்மரம் ஹைதர் அலியின் கயிறுகளில் வந்து மாட்டிக்கொண்டது. அதை அப்படியே கட்டிப்போட்டு நீளவாக்கில் சுட்டார்கள். அரை மணிக்குள் சண்டை முடிந்தது.

போரின் கடைசிச் சண்டையும் நம் கடலூரில்தான். 1782 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரரும் ஹைதர் படையும் கடலூரைப் பிடித்திருந்தார்கள். 1783 ஜூனில் பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்டூவர்ட் அதை முற்றுகையிட்டார், உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. ஜூன் 20-ல் கடலில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரேனின் 15 கப்பல்கள் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸின் 18 கப்பல்களோடு மோதின. ஹியூஸ் சென்னைக்கு விலகினார், முற்றுகைப் படைக்குக் கடல்வழி போயிற்று. ஐரோப்பாவில் ஜனவரி 20-லேயே சண்டை நிறுத்தத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. செய்தி கடலூருக்கு வந்தது ஜூன் கடைசியில். அந்த ஐந்து மாத இடைவெளியில் இங்கே செத்தவர்களில் சென்னைப் படையின் சிப்பாய்களும் உண்டு.

#17 பாரவண்டி

கெடிலக்கரை தொட்ட இடத்திலிருந்து காரன்வாலிஸையும் முடித்துவிடலாம். சரணடைந்த அதே காரன்வாலிஸ் 1786-ல் கவர்னர் ஜெனரலாக இங்கே வந்தார். 1791 மார்ச்சில் பெங்களூரைப் பிடித்து, மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே போய்த் திப்புவைச் சண்டையில் பின்வாங்கவும் வைத்தார். ஆனால் மழை, திப்பு அழித்துவிட்டுப் போன தீவனம், மாட்டுக்கு வந்த நோய். இழுவை எருதுகள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. கோட்டை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. ராம்சர் மில்லில் தன் வண்டிகளைத் தானே கொளுத்தி பத்து வருடம் ஆகியிருந்தது.

அடுத்த முறை அவர் அவசரப்படவில்லை. லம்பாடி வணிகர்களின் பொதிமாட்டுக் கூட்டங்களைத் தானியத்துக்கு அமர்த்திக்கொண்டு, பாதையை அடைத்து நின்ற மலைக்கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, பெங்களூரிலிருந்து கிடங்கு வரிசை போட்ட பிறகே 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் முன் வந்து நின்றார். திப்பு பாதி நாட்டையும் இரண்டு மகன்களையும் ஒப்படைத்தது அப்போதுதான். அமெரிக்காவில் அவருக்கு எதிராக ஆறுகளை அளந்து வைத்த கிரீன் இதைப் பார்க்க இல்லை, 1786 ஜூனிலேயே ஜார்ஜியாவில் கடனோடு இறந்துவிட்டார். தெற்குப் படைக்குத் துணிமணி கொடுத்த ஒப்பந்தக்காரருக்காக அவர் போட்ட ஜாமீன் கையெழுத்தில் வந்த கடன் அது.